அச்சுப்பொறி இல்லாத அச்சுக்கலை

அச்சு என்னும் சொல், அச்சகம் தோன்றுவதற்கு முன்பே தமிழரின் அடுக்களையில் குடியிருந்த சொல்லாகும். முறுக்கு அச்சு, இடியப்ப அச்சு, அச்சுவெல்லம் என அது பல வடிவில் வழங்கி வந்தது. ஒரு வடிவத்தை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டு, அதனைக் கொண்டே அவ்வடிவத்தைப் பலமுறை பெறுதல் என்பதே அச்சின் அடிப்படைக் கருத்து. அதற்குப் பேரியந்திரம் வேண்டும் என்னும் எண்ணம் பின்னாளில் வந்து சேர்ந்தது. நூலும் நாளேடும் பெருகிய காலத்தில் அச்சு என்றாலே அச்சகம், அச்சகம் என்றாலே இரும்புப் பொறி, பொறி என்றாலே பொருள் படைத்தோரின் உடைமை என்றாயிற்று.

இந்நிலைக்கு உடன்படாத ஓவியர்கள் இருபதாம் நூற்றாண்டில் ஆசியாவின் பல நகரங்களில் தோன்றினர். பலகையும் உளியும் சிறிது மையும் ஒரு தாளும் கொண்டு, தாம் வாழ்ந்த அறையிலேயே அவர்கள் அச்சுப்படங்களைப் படைத்தனர். தோக்கியோவில் தொடங்கிய அம்முயற்சி ஷாங்காய் வழியாகச் சிங்கப்பூர் வரை வந்து சேர்ந்தது. வண்ணமும் தாளும் துணியும் கலந்து பல்லூடக ஓவியம் படைக்கும் பலர் இன்று தம் வீட்டிலேயே அச்சுப்பதிக்கும் முறைகளைப் பயில்கின்றனர். அம்முறைகளைப் பொழுதுபோக்கிற்கான கைவேலை என்று எண்ணுவாரும் உளர். அவை எத்தகைய சூழலில் வளர்ந்தன, அவற்றைக் கையாண்டோர் எவற்றை இழக்கத் துணிந்தனர் என்பதை அறிந்தால் அவ்வெண்ணம் நில்லாது.

நால்வர் கூடிச் செய்த படம்

மரப்பலகையில் செதுக்கிப் படம் அச்சிடும் கலை ஜப்பானில் பெருவளர்ச்சி பெற்றிருந்தது. 1765ஆம் ஆண்டளவில் சுசுக்கி ஹருநோபுவின் காலத்திலேயே பல வண்ணப் படங்கள் அச்சாகத் தொடங்கின. ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு தனிப் பலகை செதுக்கப்பட்டது. எல்லாப் பலகைகளிலும் தாள் ஒரே இடத்தில் பொருந்தி அமரவேண்டும் அன்றோ? அதற்காகப் பலகையின் ஓரத்தில் ‘கெந்தோ’ எனப்படும் இரண்டு அடையாளங்களை வெட்டி வைத்தனர். ஒன்று தாளின் மூலையைத் தாங்கும். மற்றொன்று தாளின் விளிம்பை நேராக நிறுத்தும். இவ்வளவு எளிய ஏற்பாட்டினால் பத்து வண்ணங்களையும் பிசகாமல் பதிக்க அவர்களால் முடிந்தது.

அங்கே அச்சுப்பொறி இல்லை. மை பூசிய பலகையின்மேல் தாளை விரித்து, அதன் முதுகில் ‘பாரென்’ என்னும் வட்டமான தேய்ப்பானை அழுத்தித் தேய்த்தனர். மூங்கில் மடலின் நாரை முறுக்கிக் கயிறாக்கி, அக்கயிற்றை வட்டமாகச் சுற்றி, மூங்கில் மடலாலேயே உறையிட்டுச் செய்யப்படும் கருவி அது. உள்ளங்கையில் அடங்கும் அக்கருவியே ஓர் அச்சுப்பொறியின் வேலையைச் செய்தது.

எனினும், இக்கலை ஒருவர் கையில் இருக்கவில்லை. பதிப்பாளர் முதலிட்டார், ஓவியர் வரைந்து கொடுத்தார், செதுக்குநர் செதுக்கினார், அச்சிடுநர் அச்சிட்டார். உலகமே இன்று அறிந்துள்ள ஹொக்குசாயின் பேரலைப் படமும் இவ்வாறு பிறந்ததே. அதில் ஹொக்குசாயின் பெயர் உண்டு. உளி பிடித்தவரின் பெயர் இல்லை. இந்த வேலைப் பிரிவினையால் வியத்தகு நேர்த்தி விளைந்தது. அதே வேளையில், ஓவியர் தம் படத்தின் இறுதி வடிவத்தைத் தொடாமலே வாழ்ந்து முடியும் நிலையும் விளைந்தது.

ஒரு மீனவரின் உருவம்

புகைப்பட அச்சும் கல்லச்சும் பெருகியபோது பழைய மரச்செதுக்குத் தொழில் நலிந்தது. அந்த நலிவின் நடுவேதான் 1904ஆம் ஆண்டில் யமமோட்டோ கனாயே என்னும் இளைஞர் மீனவர் ஒருவரின் உருவத்தை மரத்தில் செதுக்கினார். இளமையிலேயே மரச்செதுக்குப் பட்டறை ஒன்றில் தொழில் பயின்று, பின்னர்த் தோக்கியோ நுண்கலைப் பள்ளியில் ஓவியம் கற்றவர் அவர். பிறர் வரைந்ததைச் செதுக்குவது பட்டறை அவருக்குக் கற்பித்த வழக்கம். அவரோ தாம் கண்டதைத் தாமே வரைந்து, தாமே செதுக்கி, தாமே அச்சிட்டார். ‘மியோஜோ’ என்னும் இலக்கிய இதழில் அப்படம் வெளிவந்தது.

வரைதல், செதுக்குதல், அச்சிடுதல் ஆகிய மூன்றையும் ஒருவரே செய்தல் என்னும் இக்கொள்கையே ‘சோசாக்கு ஹங்கா’, அதாவது படைப்பு அச்சோவியம், என்னும் இயக்கமாயிற்று. 1918ஆம் ஆண்டில் அதற்கென ஒரு சங்கம் அமைந்தது. ஆயினும் அரசு நடத்திய கலைக் கண்காட்சியின் வாயில் எளிதில் திறக்கவில்லை. அச்சுப்படம் கைத்தொழிலே அன்றிக் கலையன்று என்பது அன்றைய பெரியோர் பலரின் எண்ணம். 1927ஆம் ஆண்டில்தான் அக்கண்காட்சியில் அச்சோவியங்களுக்கு இடம் கிடைத்தது.

சங்கம் அமைவதற்கு முன்பே இக்கொள்கையில் உயிரை வைத்த இளைஞர்களும் இருந்தனர். தனாக்கா கியோக்கிச்சி, ஃபுஜிமோரி ஷிசுவோ, ஒஞ்சி கோஷிரோ ஆகிய மூன்று மாணவர்கள் தாம் பதித்த படங்களையும் எழுதிய கவிதைகளையும் முதலில் தமக்குள்ளேயே தொகுத்துப் பகிர்ந்துகொண்டனர். அம்முயற்சி 1914ஆம் ஆண்டில் ‘த்சுக்குஹாயே’ என்னும் இதழாக மலர்ந்தது. தனாக்காவை அப்போதே எலும்புருக்கி நோய் பற்றியிருந்தது. உடல் நலிய நலிய அவர் செதுக்கிக்கொண்டிருந்தார். 1915ஆம் ஆண்டில், 23 வயதில், அவர் மறைந்தார். ஏழு இதழ்களோடு அம்முயற்சியும் முடிந்தது. விற்பனையில் வெற்றி காணாத அவ்வேழு இதழ்கள் இன்று ஜப்பானியக் கலை வரலாற்றின் அருஞ்செல்வங்களாக மதிக்கப்படுகின்றன.

வீட்டில் கிடைத்தவை

மூவருள் ஒஞ்சி 1955ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். நூல்களுக்கு அட்டையும் அமைப்பும் வரைந்து கொடுத்து அவர் பிழைத்தார். அச்சோவியத்தைத் தம் உள்ளத்திற்காகச் செய்தார். மரத்தோடு மட்டும் அவர் நின்றுவிடவில்லை. நூற்கயிறு, துணி, மரத்தின் இலை, வெட்டிய தாள் என வீட்டிலும் முற்றத்திலும் கிடைத்தவற்றை எல்லாம் அச்சுப்பலகையாக்கினார். இலையில் மை பூசித் தாளில் அழுத்தினால் அதன் நரம்புகள் பதியும்; கயிற்றை வளைத்து அழுத்தினால் எந்த உளியும் தர இயலாத நெகிழ்ந்த கோடு பதியும். இத்தகைய பொருள்கள் நெடுநேரம் தாங்கா. சில படிகள் எடுத்ததும் நைந்துபோகும். ஒஞ்சி அதற்கு வருந்தவில்லை. பல படங்களை அவர் மிகச் சில படிகளே அச்சிட்டார். சிலவற்றை ஒரே ஒரு படியோடு நிறுத்திக்கொண்டார். பலவாகப் பெருக்குவதே அச்சின் பயன் என்னும் கருத்தையே அவர் கைவிட்டார் எனலாம்.

1939ஆம் ஆண்டு முதல் மாதந்தோறும் முதல் வியாழக்கிழமை அவருடைய தோக்கியோ இல்லத்தில் ஓவியர்கள் கூடினர். செக்கினோ ஜுன்இச்சிரோ, யமகுச்சி கென் முதலியோர் அக்கூட்டத்தில் வளர்ந்தவர்கள். போர்க்காலத்தில் தாளும் மையும் அரியவாயின. அந்நிலையிலும் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் படத்தின் படிகளைக் கொணர, அவற்றைச் சேர்த்துத் தொகுப்புகளாக்கினர். முதல் தொகுப்பு 1944ஆம் ஆண்டில் வந்தது. போர் முடிந்தபின் 1946 முதல் 1950 வரை மேலும் சில தொகுப்புகள் வந்தன.

வீட்டு அச்சுக்கலையைப் பற்றிய இத்தகைய சிந்தனை ஜப்பானுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1920களில் இலண்டனில் ஆசிரியராக இருந்த கிளாட் ஃபிளைட், தரையில் விரிக்கும் லினோலியத்தை அச்சோவியத்திற்கு உரிய பொருளாகக் கொண்டார். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் சணல் துணிமேல் படியவைத்துச் செய்வது லினோலியம். அதில் மரத்தைப் போல் இழையோட்டம் இல்லை. எத்திசையிலும் உளி எளிதாக ஓடும். பழைய குடைக் கம்பியைத் தீட்டியே உளி செய்துகொள்ளலாம் என்றும், வீட்டு மேசையிலேயே கையால் தேய்த்து அச்சிடலாம் என்றும் அவர் கற்பித்தார். ஒரு கோப்பை பீரின் விலைக்கும் திரையரங்க இருக்கையின் விலைக்கும் பொதுமக்கள் அச்சோவியம் வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசை அவர் காலத்தில் நிறைவேறவில்லை. பின்னாளில் அப்படங்கள் ஏலச் சந்தையில் பெரும் பணத்திற்கு விலைபோயின.

பாரென் கிடைக்காதவர்க்கு மரக்கரண்டியின் முதுகு போதும். பலகை கிடைக்காதவர்க்குத் தடித்த அட்டையும் போதும். அட்டையின்மேல் துணி, மணல், நூல், கசங்கிய தாள் ஆகியவற்றைப் பசையால் ஒட்டி, காய்ந்தபின் மை பூசி அச்சிடும் முறைக்கு 1950களின் நடுவில் அமெரிக்க ஓவியர் கிளென் ஆல்ப்ஸ் ‘கொலாகிராஃப்’ எனப் பெயரிட்டார். ஒட்டோவியத்தையும் அச்சையும் ஒன்றாக்கிய அம்முறையை இன்றைய பல்லூடக ஓவியர்கள் பெரிதும் விரும்புகின்றனர். ஒஞ்சியின் கயிறும் இலையும் அதற்கு முன்னோடிகள் என்பதில் ஐயமில்லை.

ஷாங்காயில் ஆறு நாள்

கருவி எளிதாயின் அது நெடுந்தொலைவு பயணம் செய்யும். 1931ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அத்தகைய பயணம் ஒன்று நிகழ்ந்தது. ஷாங்காயில் உச்சியாமா கன்சோ என்னும் ஜப்பானியர் புத்தகக் கடை நடத்தி வந்தார். சீன எழுத்தாளர் லூ சுன் அவருடைய நெருங்கிய நண்பர். கன்சோவின் தம்பி காகிச்சி தோக்கியோவில் பள்ளி ஓவிய ஆசிரியராகப் பணியாற்றியவர். அவர் கோடை விடுமுறைக்கு ஷாங்காய் வந்திருந்தபோது, சீன இளைஞர்களுக்கு மரச்செதுக்குக் கற்பிக்குமாறு லூ சுன் கேட்டுக்கொண்டார். ஆகஸ்டு 17 முதல் 22 வரை ஆறு நாள் வகுப்பு நடந்தது. மாணவர் 13 பேர். மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தவர் லூ சுன்.

லூ சுன் மரச்செதுக்கை விரும்பியதற்குக் காரணம் இருந்தது. அவருடைய இளம் நண்பரான எழுத்தாளர் ரோ ஷி அவ்வாண்டு பிப்ரவரியில் அரசினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். வெளிப்படையாக இரங்கல் எழுத இயலாத நிலையில், ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்சின் ‘பலி’ என்னும் மரச்செதுக்கை ஓர் இதழில் வெளியிட்டுத் தம் துயரை அவர் தெரிவித்தார். தன் மகவை இரு கைகளாலும் ஏந்திக் கொடுக்கும் தாயின் உருவம் அது. எழுத்து செல்ல முடியாத இடத்திற்கு அப்படம் சென்றது.

வகுப்பு முடிந்து நான்கு வாரம் நிறைவதற்குள், செப்டம்பர் 18 அன்று, ஜப்பானியப் படை மஞ்சூரியாவில் தன் படையெடுப்பைத் தொடங்கியது. ஜப்பானிய ஆசிரியர் ஒருவர் அன்போடு கற்பித்த கலை, ஜப்பானியப் படையை எதிர்க்கும் கருவியாக விரைவிலேயே மாறியது. 1937க்குப் பின் சீனாவின் உட்பகுதிகளில் படக்கட்டை செய்யும் வசதி இல்லாத அச்சுக்கூடங்களில், ஓவியர் செதுக்கிய மரப்பலகையையே எழுத்துகளோடு சேர்த்துப் பூட்டி நாளேடுகளை அச்சிட்டனர். அதே போரில், 1939ஆம் ஆண்டில், ஓவியராகச் சீனாவுக்குச் சென்று வந்தவர்களுள் ஒஞ்சியும் ஒருவர். இலையையும் கயிற்றையும் அவ்வளவு மென்மையாகக் கையாண்ட கை, தன் நாட்டுப் படையின் பின்னே செல்ல நேர்ந்தது. கலை முறை ஒன்று தன்னளவில் நன்மையின் பக்கமோ தீமையின் பக்கமோ நிற்பதில்லை. ஏந்தும் கையைப் பொறுத்தே அதன் பக்கம் அமைகிறது.

சீன மாணவர்களும் தம் பங்குக்கு விலை கொடுத்தனர். ஆறு நாள் வகுப்பில் பயின்ற ஜியாங் ஃபெங், 1932ஆம் ஆண்டு ஜூலையில் தோழர்களோடு சிறைப்பட்டார். அவரோடு சிறை சென்றவருள் ஒருவர் பாரிஸில் ஓவியம் பயின்று திரும்பியிருந்த அய் சிங். தூரிகை இல்லாத சிறையில் அவர் கவிதை எழுதத் தொடங்கினார். பின்னாளில் சீனாவின் பெருங்கவிஞருள் ஒருவரானார். ஓவியர் ஒருவரைச் சிறை கவிஞராக்கிய வரலாறு இதுவேயாகும்.

சிங்கப்பூர் வந்த உளி

சீனத்து மரச்செதுக்குகள் இதழ்கள் வாயிலாகத் தென்கடல் நாடுகளை அடைந்தன. 1930களிலேயே சிங்கப்பூர்ச் சீன நாளேடுகளின் ஓவியப் பக்கங்களில் மரச்செதுக்குப் படங்கள் இடம்பெற்றன. 1938ஆம் ஆண்டில் லிம் ஹாக் தை நன்யாங் நுண்கலைக் கழகத்தை நிறுவினார். ஜப்பானியர் ஆட்சிக்குப்பின் அக்கழகத்தைச் சார்ந்த இளைய ஓவியர் பலர் உளியைக் கையில் எடுத்தனர்.

அக்காலச் சிங்கப்பூர் கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1954ஆம் ஆண்டு மே 13 அன்று கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்த சீனப் பள்ளி மாணவர்களுக்கும் காவல்துறையினருக்கும் மோதல் நிகழ்ந்தது. சூ கெங் குவாங் அந்நிகழ்ச்சியை மரத்தில் செதுக்கினார். தொழிலாளர் போராட்டங்கள் மிகுந்த 1955ஆம் ஆண்டில் டான் டீ சீ ‘வேலைநிறுத்தம்’ என்னும் மரச்செதுக்கைப் படைத்தார். 1961ஆம் ஆண்டு மே 25 அன்று புக்கிட் ஹோ ஸ்வீ குடியிருப்பில் பற்றிய பெருந்தீ ஏறத்தாழ 16,000 பேரின் வீடுகளை அழித்தது. லிம் ஹாக் தையின் மகன் லிம் இயூ குவான், அந்தத் தீக்குப் பிந்திய காட்சியை 1966ஆம் ஆண்டில் மரச்செதுக்காக்கினார். ஐந்தாண்டுகள் கடந்தபின் செதுக்கப்பட்ட நினைவு அது. செய்தி மறந்துபோகலாம், செதுக்கியது மறையாது என்பதற்கு அப்படம் சான்றாகும்.

இப்படங்களில் வண்ணம் இல்லை. கருமையும் வெண்மையுமே உண்டு. பலகையில் விட்டுவைத்த இடம் கறுப்பாகும். வெட்டி நீக்கிய இடம் வெள்ளையாகும். ஒருமுறை வெட்டியதை மீண்டும் ஒட்ட இயலாது. படம் தாளில் இடவலம் மாறிப் பதியும் ஆதலின், ஓவியர் எதையும் தலைகீழாக எண்ணிப் பார்த்தே செதுக்க வேண்டும். இத்தனைக் கட்டுப்பாடுகளும் கூடி அப்படங்களுக்கு ஓர் உறுதியைத் தந்தன. கூலியாளின் முதுகையும் எரிந்த வீட்டின் கட்டையையும் காட்ட அவ்வுறுதி பொருந்தியது. 1966ஆம் ஆண்டில் லிம் இயூ குவான், டான் டீ சீ, சூ கெங் குவாங் உள்ளிட்ட ஆறு ஓவியர்கள் சிங்கப்பூரில் நடத்திய மரச்செதுக்குக் கண்காட்சி, அத்தலைமுறையின் பெருமுயற்சியாக இன்றும் நினைவுகூரப்படுகிறது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு அது.

எண்ணிப் பார்க்க வேண்டியவை

ஒருவரே எல்லாம் செய்தல் என்னும் கொள்கையைக் குறையற்றதெனப் போற்றுவது பொருந்தாது. மீனவர் உருவத்தைச் செதுக்கிய யமமோட்டோவின் கைத்திறன் பெயரறியாத செதுக்குநர் மரபு அளித்த கொடை. ‘கைவினைஞர் வேறு, கலைஞர் வேறு’ என்று சொல்லியே படைப்பு அச்சோவியர் சிலர் தம்மை உயர்த்திக்கொண்டனர். தமக்கு முன் உளி பிடித்தவர்களை உரிய அளவு அவர்கள் எண்ணவில்லை. கவிஞர் ஹகிவாரா சக்குத்தாரோவின் முகத்தை ஒஞ்சி 1943ஆம் ஆண்டில் பதித்த புகழ்பெற்ற படத்தின் பிற்காலப் படிகளைப் பிறர் கைகளே அச்சிட்டன. அக்கைகள் இல்லையேல் அம்முகத்தை இன்று மிகச் சிலரே கண்டிருப்பர்.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. சிங்கப்பூரிலேயே 2002ஆம் ஆண்டில் அமெரிக்க அச்சோவிய வல்லுநர் கென்னத் டைலரின் துணையோடு, பெரிய அச்சுப்பொறிகளும் தாள் செய்யும் ஆலையும் கொண்ட அச்சோவிய நிலையம் ஒன்று ஆற்றங்கரையில் தோன்றியது. மற்றொரு புறம், வீட்டிலிருந்து படைப்போர் பால் பெட்டியின் பளபளப்பான உட்புறத்தை ஊசியால் கீறி அச்சுத்தகடாக்குகின்றனர். ஜெலட்டினையும் கிளிசரினையும் வெந்நீரில் கரைத்து உறையவைத்து, அந்த மென்தட்டில் மை தடவி இலையையும் துணியையும் பதிக்கின்றனர். இம்முறைகளுக்கு அச்சகம் வேண்டியதில்லை, பெரும்பொருளும் வேண்டியதில்லை.

ஆயினும், எளிய கருவி கையில் இருப்பதால் மட்டும் எவரும் இவ்வரலாற்றின் வாரிசாகிவிட முடியாது. தனாக்கா செதுக்கியது சாவின் அருகில். ஜியாங் ஃபெங் செதுக்கியது சிறைக்கு அஞ்சாமல். லிம் இயூ குவான் செதுக்கியது ஊரார் இழந்த வீடுகளை. பொறி இல்லாமை அவர்களுக்குப் பெருமையும் அன்று, குறையும் அன்று. பொறி கிடைக்கும்வரை காத்திருக்க முடியாத செய்தி ஒன்று அவர்களிடம் இருந்தது. வீட்டு மேசையில் மரக்கரண்டியோடு இன்று அமரும் ஓவியர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியதும் அதுவே: காத்திருக்க முடியாத செய்தி தம்மிடம் என்ன இருக்கிறது? அதற்கு விடை கிடைத்துவிட்டால், கையும் கரண்டியும் போதும்.